உதறாத மூட்டை

எங்கள் தெருவில் திங்கட்கிழமை காலை ஒரு சத்தம் கேட்கும். காய்ந்த துணியை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி உதறுகிற சத்தம். ஒரு வீட்டுக்கு அடியில் பட்டென்று தொடங்கும். அடுத்த வீட்டுக்காரி அதற்குப் பதில் சொல்வாள். அப்படியே ஆற்றோரம் வரைக்கும் போகும். பிரனாக் துறையில் எல்லா வீடும் மரக்கால் மேல்தான் நிற்கிறது. மேலே படுக்கையும் சமையலும். கீழே துணி வேகவைக்கிற செப்புக் கொப்பரையும் கொடியும் நாயும்.

ஊரில் வேலை என்றால் இறைச்சி ஆலைதான். எங்கள் ஆண்கள் அங்கே வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில்தான் கத்தி பிடிக்க வேண்டும். வெள்ளையில் மாடு வெட்டச் சொன்னவன் எவனோ, அவன் வாழ்நாளில் துணி துவைத்திருக்க மாட்டான். போன உடுப்போடே திரும்பி வருவார்கள். ரத்தம், சாணம், சினை மாட்டின் கர்ப்ப நீர், எல்லாம் அதிலேயே இருக்கும். வீட்டுக்கு அடியில் அவிழ்த்துச் சர்க்கரைச் சாக்கில் திணித்துவிட்டு மேலே ஏறுவார்கள்.

குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் மழைத்தொட்டித் தண்ணீர்தான். ஆற்றில் கடல் ஏறி உப்பாகிவிடும். ரத்தத் துணியை நேராகக் கொப்பரையில் போட்டால் நாலைந்து தரம் தண்ணீர் மாற்ற வேண்டிவரும். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். முதலில் வெயிலில் போட்டு விறைக்க விறைக்கக் காயவிடுவோம். பிறகு உதறுவோம். ரத்தமும் மற்றதும் துருப் போலப் பொரிந்து பறந்துவிடும். பாதி அழுக்கு தண்ணீர் படாமலே போய்விடும். எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று அதை நினைத்துக்கொண்டிருந்தோம் கண்ணுகளா.

பக்கத்து வீட்டு மெர்ல் டோரன் உதறினால் சவுக்கு சொடுக்கின மாதிரி இருக்கும். கையில் அவ்வளவு பலம். தலையில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வாயில் கிளிப்புகளைக் கடித்துக்கொண்டு, அதோடு எனக்குக் கதையும் சொல்வாள்.

அந்த மெர்லுக்குக் காய்ச்சல் வந்தது. வெயில் காலம் தொடங்குகிற நேரம். தலை இரண்டாகப் பிளக்கிறது என்றாள். கண்ணுக்குப் பின்னால் யாரோ குத்துகிறார்கள் என்றாள். மெத்தை நனைகிற அளவுக்கு வேர்த்தது. விட்டுவிட்டு வந்தது, விடுகிற மாதிரி இல்லை. மாமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தால், போன மாதம் துணியை அடித்த கையா இது என்றிருந்தது.

ஆலைக் காய்ச்சல் எங்களுக்குப் புதிதில்லை. புதிதாகக் கத்தி பிடிக்கிறவனுக்கு முதல் வருஷத்திலேயே வரும். என் வீட்டுக்காரர் லெஸ்ஸுக்கும் வந்துதான் போனது. ஆனால் அது ஆண்களின் காய்ச்சல். மெர்ல் ஆலை வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தவளில்லை.

"என்ன மெர்ல், எங்களுக்குத் தெரியாம வெட்டுற வேலைக்குச் சேந்துட்டியா?" என்று லெஸ் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"சேந்திருந்தா முதல்ல உன் நாக்கைத்தான் வெட்டியிருப்பேன்" என்றாள். அவ்வளவு காய்ச்சலிலும்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார். பதில் வந்த அன்று மெர்லால் தனியாக நடக்க முடியவில்லை. நானும் அவள் தங்கை நோலாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். நோலாவின் புருஷன் மேற்கே தண்டவாளம் போடுகிற கூட்டத்தோடு கூடாரத்தில் கிடந்தான். அங்கே ஆஸ்பத்திரி கிடையாது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அக்கா வீட்டில் இருக்க அவளை அனுப்பியிருந்தான். இதற்கு முன்னால் இரண்டு தரம் கரு தங்காமல் கலைந்து போனவள் அவள். இது மூன்றாவது. வயிறு நன்றாகத் தெரிந்தது.

"கியூ காய்ச்சல்தான்" என்றார் டாக்டர்.

"அதுக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"கண்டுபிடிச்சப்போ என்ன நோயினு தெரியல. கேள்வின்னு அர்த்தம் வர்ற 'குவரி'ன்ற இங்கிலீஷ் சொல்லோட முதல் எழுத்து கியூ, அதை வச்சாங்க. அப்படியே நின்னுடுச்சு."

"எனக்கும் ஒரு கேள்வி இருக்கு டாக்டர். நான் மாட்டையே தொடல. எனக்கு எப்படி வந்துச்சு?"

அவர் நல்ல மனிதர். தெரிந்ததைத் தெரியும் என்பார், தெரியாததைத் தெரியாது என்பார். மாட்டின் உடம்பில், அதிலும் சினை மாட்டின் கர்ப்பப்பையில், கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்கில் இருக்கும் என்றார். மாடு நோய்போலவே இருக்காது. காய்ந்தாலும் கிருமி சாகாது. தூசியோடு தூசியாகக் கிடக்கும். அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் போதும்.

"வீட்டுக்காரர் உடுப்பை என்ன பண்ணுவீங்க?"

மெர்ல் சொன்னாள். காயவைக்கிறதை, உதறுகிறதை, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோலாதான் கேட்டாள். "நான் படுக்கிறது கொப்பரைக்கு நேரா மேலே. பலகை இடுக்கு வழியா கீழே நாய் தெரியும். தூசியும் வரும். எனக்கு வருமா?"

"இன்னைக்கு உங்க ரத்தத்தையும் எடுத்துக்கறேன்."

"என் பிள்ளைக்கு?"

"ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதால குட்டி கலையறது உண்டு. பொம்பளைங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் திட்டமாத் தெரியாது, நோலா. ஆனா தெரிஞ்சுக்கறதுக்காக உங்களை வச்சு நான் பாக்க மாட்டேன்."

"உதறாம நனைச்சுட்டா போதுமா?" என்று கேட்டேன்.

"உதறுறதுக்கு அது தேவலாம். ஆனா அவங்க அதைப் போட்டுட்டுத்தானே வர்றாங்க? படிக்கட்டுல உக்காருறாங்க, டீ குடிக்கிறாங்க. அந்த உடுப்பு வீட்டுப் பக்கமே வராம இருந்தாத்தான் நல்லது."

மெர்லுக்கு மாத்திரை கொடுத்தார். திரும்பி வந்ததும் மெர்ல் உள்ளே போகவில்லை. வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தாள். "வராது" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அந்தத் துணி இனிமே இந்த வாசலைத் தாண்டாது. நோலா இந்தப் பிள்ளையைப் பெத்து எடுக்கிற வரைக்கும் தாண்டாது. அதுக்கப்புறமும் தாண்டாது."

அன்று சாயங்காலம் அவள் புருஷன் கிளெம் சைக்கிளில் வந்தான். ஆலைச் சங்கத்தின் பிரதிநிதி அவன், நல்ல உயரம், சாதுவான மனுஷன். மெர்ல் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"அங்கயே நில்லு."

"என்ன ஆச்சு?"

"அவிழ்த்துடு."

"தெருவுலயா?"

"தெருவுலதான். வேற உடுப்பு வேலி மேல வச்சிருக்கேன். சாக்கு கீழே கிடக்கு. உதறாம போடு."

எதிர்வீட்டு வராந்தாவில் இரண்டு பெண்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். கிளெம் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உடுப்பு மாற்றப் பார்த்தான். சைக்கிளுக்குப் பின்னால் என்ன மறைக்க முடியும். ஆனாலும் டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. சினை மாடு வந்தால் வயிற்றைத் திறக்கிறவன் அவன்தான். கர்ப்ப நீர் தலையோடு கொட்டுகிற இடத்தில் நிற்கிறவன். மறுநாளே நிர்வாகி ஹால்டேனிடம் போய்க் கேட்டான்: ஆலையிலேயே உடுப்பு மாற்ற ஒரு அறை, குளிக்கத் தண்ணீர், துவைக்க ஓர் இடம்.

சங்கக் கூட்டமும் முடிந்து வந்து மெர்லிடம் சொன்னபோது நானும் இருந்தேன்.

"உடுப்பு உங்களுது, துவைக்கிறது உங்க பாடுனு சொல்லிட்டான். ஆலையில பொம்பளை யாரும் வேலை செய்யல, அதனால எந்தப் பொம்பளைக்கும் ஆலையால நோய் வந்திருக்க முடியாதாம்."

"நீ என்ன சொன்ன?"

"சங்கக் கூட்டத்துல வைக்கிறேன்னு சொன்னேன்."

"சங்கத்துல?"

"வச்சேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்காங்க. கிறிஸ்துமஸ் லீவு விஷயம் முன்னாடி நிக்குது மெர்ல்."

"டீக்குப் பத்து நிமிஷம் கேட்டு ஒரு வாரம் கத்தியைக் கீழ வச்சீங்க" என்றாள் மெர்ல். "நோலா வயித்துல இருக்கிறது உங்க கிறிஸ்துமஸ் லீவுக்காகக் காத்திருக்காது. சரி, விடு. உங்க கூட்டத்தை நீங்க நடத்துங்க. எங்க கூட்டத்தை நாங்க நடத்துறோம்."

அவள் வீட்டுக்கு அடியில்தான் கூடினோம். கொப்பரையில் நெருப்பு இல்லை. ஒவ்வொருத்தியும் ஏதாவது கொண்டுவந்திருந்தாள், பூசணி ரொட்டி, ஒரு கூஜா டீ. மெர்ல் கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஒருத்தி மெல்ல, "எனக்குப் போன வருஷம் மூணு மாசம் விடாத காய்ச்சல். நரம்புத் தளர்ச்சினு சொன்னாங்க" என்றாள். இன்னொருத்தி, "எனக்கும்" என்றாள். அப்புறம் யார் யாருக்கு என்று பேச ஆரம்பித்தோம், டீ ஆறிப்போனது.

"ஹால்டேன் வீட்டு வாசல்ல கொண்டுபோய்க் கொட்டுவோம்" என்று ஒருத்தி சொன்னாள்.

"அவன் வீட்டுல துவைக்கிறது யாரு, அவனா?" என்று மெர்ல் கேட்டாள். "பண்ணையிலேர்ந்து வீட்டு வேலைக்கு வர்ற அந்தப் பொண்ணு. தூசியை இன்னொருத்தி மூக்குக்கு அனுப்புற வேலை வேண்டாம். எடுத்த இடத்துலயே வைப்போம். ஆலை வேலியில. கட்டின சாக்கு, கட்டினபடி. நம்மள்ல யாரும் அவிழ்க்கக் கூடாது, உதறக் கூடாது. துவைக்கிறதும் கிடையாது."

"அவங்க எதைப் போட்டுட்டு வேலைக்குப் போவாங்க?"

"நேத்துப் போட்டதை."

"எத்தனை நாளைக்கு?"

"நாத்தம் அவனுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்."

லெஸ்ஸிடம் நான் சொன்னபோது அவர் வறுத்த ஆட்டுக்கறியை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். என் வீட்டுக்காரர் சுத்தக்காரர். காலர் மடிப்பு கோணினால் சோறு இறங்காது.

"எட்னா, உனக்குத் தெரியும், எனக்கு அழுக்கு ஆகாது."

"தெரியும்."

"எனக்கு மட்டும் ஒரு செட்..."

"ஆகாது."

"யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"கொடியில தொங்குறது யாருக்கும் சொல்லாதா?"

மறுநாள் சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியதும் எங்கள் தெருவே ஆலை வாசலில் நின்றது. ஒவ்வொருத்தி கையிலும் புருஷனின் நல்ல உடுப்பு. இரண்டு பேர் போர்வையை விரித்துப் பிடித்தோம். ஆண்கள் ஒவ்வொருவராகப் போர்வைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, வெள்ளையைச் சாக்கில் போட்டுக் கட்டி, வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தார்கள். கிளெம்முக்கு அவசரத்தில் மெர்ல் எடுத்துவந்தது கல்யாணக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு அவன் சைக்கிள் மிதித்து வந்ததைப் பார்த்து நோலா வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் அப்போதுதான் கேட்டேன்.

"இவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடியா?" என்று லெஸ் போர்வைக்குப் பின்னாலிருந்து புலம்பினார்.

"உன்கிட்ட புதுசா என்ன இருக்கு லெஸ், பாக்குறதுக்கு" என்று மெர்ல் குரல் கொடுத்தாள்.

காலையில் அதே சாக்கை அவிழ்த்து அதே உடுப்பை வேலி ஓரத்திலேயே போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் மறுபடி சாக்குக்குள். கால்சட்டை தானாகவே நிற்கிற அளவுக்கு விறைத்துவிட்டது. ஈயை ஓட்டி முடியவில்லை. ஆண்களில் பாதிப் பேருக்கு எங்கள் மேல்தான் கோபம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இங்கிலாந்துக்குப் போகிற கப்பல் துறையில் நின்றது. அந்தக் கப்பலுக்குப் போகிற இறைச்சியை அரசாங்க ஆய்வாளர் ஒருவர் பார்த்து முத்திரை குத்த வேண்டும். தடித்த கண்ணாடி போட்ட மனிதர். யாரோடும் பேச மாட்டார். அழுக்கு உடுப்போடு ஒருவனும் இறைச்சியைத் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். ஹால்டேன் முதலில் கடையிலிருந்த புது வெள்ளையெல்லாம் வாங்கி ஆண்களுக்குக் கொடுத்தார். மாடு வெட்டுகிற இடத்தில் புது உடுப்பு ஒரு நாள் தாங்கும். சாயங்காலம் அதுவும் சாக்குக்குள் போய்த் தொங்கியது. கடையில் வேறு இல்லை.

அடுத்த நாள் காலையில் ஆய்வாளர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இவன் கூடாது, இவன் கூடாது, இவனும் கூடாது. பழுப்பும் கறுப்புமாக நின்ற வரிசையின் கடைசியில் ஒருவர் மட்டும் பனி போல வெள்ளையாக நின்றார். காலர் மடிப்புக்கூடக் குலையவில்லை.

என் வீட்டுக்காரர்தான்.

விடிவதற்குள் எழுந்து மதுக்கடைக்குப் பின்னால் குதிரைக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியில் துவைத்து, கொதிகலன் குழாய் மேல் போட்டு உலர்த்தியிருக்கிறார். ஆய்வாளர் அவரைச் சுற்றி ஒரு தரம் நடந்து, "இவர் வேலை செய்யலாம்" என்றாராம். மாட்டைத் தொங்கவிட்டு நகர்த்துகிற சங்கிலியில் கொக்கிகள் வரிசையாக வர, அத்தனை பெரிய கொட்டகையில் கத்தியோடு லெஸ் மட்டும் நின்றிருக்கிறார்.

"போடா மணப்பொண்ணே, மாப்பிள்ளை வர்றாரு பாரு" என்று கிளெம் முதல் மாட்டைக் காட்டிச் சொல்ல, இருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அது வரைக்கும் எங்கள் மேல் கோபமாக இருந்தவர்களும்தான். லெஸ் கத்தியைக் கழுவி உறையில் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். சங்கிலி நின்றது. தெருவில் இருந்த எங்களுக்கு அது நின்றது காதிலேயே தெரிந்தது. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிற சத்தம் அது.

பத்து மணி வாக்கில் ஆலை லாரி எங்கள் தெருவுக்கு வந்தது. பழைய வெள்ளையோடு வேலியில் தொங்கிய சாக்குகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து, சீட்டில் பேர் பார்த்து, வாசலுக்கு வாசல் ஒன்றாக எறிந்துவிட்டுப் போனது. யாரும் தொடவில்லை. சற்று நேரத்தில் பின்னாலேயே ஹால்டேன் காரில் வந்தார். மெர்ல் வாசலில்தான் இறங்கினார். எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மெர்ல் அண்ணாந்து, "நோலா, உள்ள போ. ஜன்னலைச் சாத்திக்கோ" என்றாள். நோலா உள்ளே போனாள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னாலேயே நின்றாள்.

"மிசஸ் டோரன்" என்றார் ஹால்டேன், தொப்பியைக் கழற்றி. "உங்க உடம்பு சரியில்லைனு கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு."

"நான் ஆலையில வேலை செய்யலையே. எப்படி உங்க காதுக்கு வந்துச்சு?"

அவர் பேச்சைக் கப்பலுக்குத் திருப்பினார். கப்பல் காத்திருக்காது என்றார். ஆண்கள் பட்டினி கிடப்பார்கள் என்றார். கிளெம் டோரனின் இடத்துக்கு வர வடக்கே ஆள் நிறைய இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், உதவி செய்கிறவர் மாதிரி. மெர்ல் வாசல் தூணில் சாய்ந்து நின்றாள். நிற்க முடியாமல்தான் சாய்ந்திருந்தாள். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் வேலியைத் தாண்டி அவள் பக்கத்தில் போய் நின்றேன். அடுத்த வீட்டிலிருந்தும் வந்தார்கள்.

"வடக்கேயிருந்து வர்றவனுக்கும் ஒருத்தி துவைக்கணும்" என்றாள் மெர்ல். "அவகிட்டயும் போய்ச் சொல்லுவோம்."

"அழுக்குத் துணி மிசஸ் டோரன். வெறும் அழுக்குத் துணி. யாரோ டாக்டர் எதையோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கார். அதால யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அப்படியா?"

"நான் சொல்றேன்."

மெர்ல் காலால் சாக்கை அவர் பக்கம் தள்ளினாள். கிளெம்மின் சாக்கு. ஒரு வாரத்துக்கும் மேலே துவைக்காமல் வெயிலில் காய்ந்தது. "அப்போ ஒண்ணு பண்ணுங்க. கட்டை அவிழ்த்து ஒரே ஒரு சட்டையை எடுத்து உதறுங்க. நாங்க வாராவாரம் உதறுவோமே, அந்த மாதிரி, முகத்துக்கு நேரா பிடிச்சு ஒரு உதறு. நீங்க உதறுங்க, நான் இந்தத் தெருத் துணி மொத்தத்தையும் இன்னைக்கே கொப்பரையில போடறேன். சாயங்காலம் சங்கிலி ஓடும்."

ஹால்டேன் சிரித்தார். தொப்பியைக் காரின் மேல் வைத்துவிட்டுக் குனிந்தார். முடிச்சில் கை வைத்தார். அந்த நேரம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. சாக்கின் ஓரத்திலிருந்து கொஞ்சம் பழுப்புத் தூசி கிளம்பி அவருடைய காலணி மேல் படிந்தது.

அவர் ஓர் அடி பின்னால் போனார். நினைத்துச் செய்யவில்லை. உடம்பு தானாகப் போனது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் நோலா வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றதை அவரும் பார்த்தார்.

"இது என் வேலையில்ல" என்றார் கடைசியில்.

"அதைத்தான் மிஸ்டர் ஹால்டேன், நானும் சொல்றேன். என் வேலையும் இல்ல."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். கதவைச் சாத்தினதும் மெர்ல் தூணை விட்டுச் சரிந்தாள். நானும் இன்னொருத்தியும் தாங்கி வாளி மேல் உட்காரவைத்தோம். "போயிட்டானா?" என்று கேட்டாள். "போயிட்டான்" என்றேன். "அப்போ தண்ணி கொடு" என்றாள்.

ஆலையிலிருந்து கிளெம்மும் மற்றவர்களும் உடுப்பு மாற்றிக்கொண்டு நடந்து வந்தார்கள். ஹால்டேன் பின்வாங்கின கதை அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அன்று மத்தியானமே சங்கக் கூட்டம் கூடியது. கிறிஸ்துமஸ் லீவைப் பின்னுக்குத் தள்ளி, மெர்ல் கேட்டதை முதலில் வைத்தார்கள். அது கிடைக்கிற வரைக்கும் புது உடுப்பே வந்தாலும் கத்தி எடுப்பதில்லை என்று கை தூக்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் கை தூக்கியது மணப்பெண் என்று கிளெம் சொன்னான். கப்பல் பாதி நிரம்பின வயிற்றோடு துறையில் நின்றுகொண்டே இருந்தது. அதைத்தான் ஹால்டேனால் தாங்க முடியவில்லை.

தோலுக்கு உப்புத் தடவுகிற பழைய கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார்கள். கொதிகலனிலிருந்து நீராவிக் குழாய், பெரிய தொட்டிகள், குளிக்கத் தண்ணீர், ஆணி அடித்த பலகையில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம். அதுவரை சரி. பிறகு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்: துவைக்கப் பெண்கள் தேவை.

மெர்ல் அதைக் கிழித்து மடித்துக்கொண்டு ஹால்டேனின் அலுவலகத்துக்கே போனாள். ஆலை வாசலைத் தாண்டி அவள் போனது அன்றுதான். "பொம்பளைங்க வர மாட்டாங்க. இந்தக் காய்ச்சல் ஒரு தரம் வந்துபோனவங்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்றாரு. உங்ககிட்ட அப்படிப்பட்ட ஆம்பளைங்க நிறைய பேர் இருக்காங்க. அதுல ஒருத்தருக்கு நல்லாவே துவைக்கத் தெரியும். வேணும்னா ஆய்வாளரைக் கேளுங்க."

இப்படித்தான் என் வீட்டுக்காரர் கத்தியை விட்டுத் துவைக்கிற கொட்டகைக்குப் போனார். முதலில் முறைத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் அவர் தொட்டிப் பக்கம் யாரும் எச்சில் துப்பக்கூடாது, துணியை உதறக்கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று மேஸ்திரியையே விரட்டினார். மணப்பெண் என்கிற பேர் மட்டும் போகவில்லை.

கொட்டகை திறந்த அன்று கிளெம் குளித்து, தலை வாரி, சாதாரண உடுப்பில் வீட்டுக்கு வந்தான். அவர்கள் நாய் வாசலிலேயே மறித்துக்கொண்டு குரைத்தது. ரத்த வாடை இல்லாத கிளெம்மை அதற்கு அடையாளம் தெரியவில்லை. "நான்தாண்டா" என்று அவன் கெஞ்சிக்கொண்டு நின்றான். தாழ்ப்பாளைத் திறக்க வந்த மெர்ல், நாய் விடட்டும், நானும் விடறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நோலாவின் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று பட்டணத்திலிருந்து வந்தது. மழை பிடித்த பிறகு பெண் குழந்தை பிறந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற தொண்டை.

மெர்லுக்குப் பழைய பலம் திரும்பவே இல்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களை அதட்டுவாள். நெஞ்சில் ஏதோ தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவள், தங்கினால் வாடகை கொடுக்கட்டும் என்றாள்.

நோலாவும் பிள்ளையும் ஊருக்குத் திரும்புகிறதுக்கு முன்னால் அக்கா வீட்டில் இருந்த மாதங்களில், திங்கட்கிழமை காலையில் மெர்ல் மட்டும் துணி உதறுவாள். அலசிப் பிழிந்த ஈரத் துணி, குழந்தைக்குக் கட்டுகிற சின்னச் சின்ன வெள்ளைத் துணி. உதறத் தேவையே இல்லை. ஆலைப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்று, ஒவ்வொன்றாக எடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி உதறுவாள். சவுக்கு சொடுக்கின மாதிரி இருக்கும். பிறகு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வாள். பிறகு அடுத்ததை எடுப்பாள்.